நாற்காலி போடுவதிலிருந்து நூல் தைப்பது வரை: சின்ன ஊர் நூலகத்தில் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம்

'இளம் எழுத்தாளர் சந்திப்பு' என்று பதாகை அடித்திருந்தோம். 60 நாற்காலி போட்டோம், மைக் வைத்தோம், சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்தோம். வந்த பிள்ளைகள் 11 பேர். விருந்தினர் வாசிப்பின் அருமையைப் பற்றி 1 மணி 10 நிமிடம் பேசினார். நன்றியுரை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அட்டை கிழிந்த நோட்டு.

"அக்கா, இதை யார்கிட்ட காட்டணும்?"

பதாகையில் எழுத்தாளர் என்று போட்டிருந்தோமே தவிர, அவர்கள் எழுதியதைக் கேட்க ஓர் ஆளை வைக்கவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். எழுதுகிறவள் அல்ல, எழுதியவர்களின் ஒற்றுப்பிழையில் பிழைப்பு நடத்துகிறவள். 9 வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அவரவர் ஊர் நூலகத்தில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நூலகர். கையில் திட்டத்தோடு போய் நிற்காதீர்கள். சின்ன நூலகங்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் புத்தகம் கொடுப்பார், வாங்குவார், அடுக்குவார், பதிவேடு எழுதுவார், கதவைப் பூட்டுவார். அவருக்கு உங்கள் கூட்டம் இன்னொரு வேலை. அதனால் முதல் நாள் கேட்க வேண்டியவை சின்னச் சின்னக் கேள்விகள்தாம். எந்த நேரத்தில் ஆள் குறைவு? எந்த மூலையில் பேசினால் நாளிதழ் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு இருக்காது? சாவி யாரிடம்? யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்? அப்புறம் ஒரு வாக்குக் கொடுங்கள்: வந்தபோது எப்படி இருந்ததோ, போகும்போது அப்படியே இருக்கும். அதைக் காப்பாற்றுங்கள். மூன்றாவது மாதம் அவரே உங்களுக்காக மேசையைத் துடைத்து வைத்திருப்பார்.

"நூலகம் படிக்கிற இடம், இங்கே எதுக்கு எழுத்து வேலை?" என்று யாராவது கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து பொது நூலகங்களுக்கு ஓர் அறிக்கை வைத்திருக்கின்றன. 1949-ல் யுனெஸ்கோ முதலில் வெளியிட்டது. 1994-லும் 2022-லும் திருத்தினார்கள். பிள்ளைகளின் கற்பனையையும் படைப்புத் திறனையும் தூண்டுவது பொது நூலகத்தின் கடமைகளில் ஒன்று என்று 1994 அறிக்கையே சொல்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு அல்ல, அனுமதிக் கடிதத்தோடு இணைக்க.

நேரம், எண்ணிக்கை இரண்டிலும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. 90 நிமிடம், அதற்கு மேல் இல்லை. 12 பேர், அதற்கு மேல் வந்தால் இரண்டு குழு. 12 பேரும் ஆளுக்கு 3 நிமிடம் வாசித்தால் 36 நிமிடம். ஒவ்வொருவரைப் பற்றியும் 2 நிமிடம் பேசினால் இன்னும் 24. ஒரு மணி நேரம் போயிற்று. மீதி அரை மணி எழுத. இந்தக் கணக்கில் 20 பேரை நுழைத்தால் எட்டுப் பேர் வாசிக்காமல் வீட்டுக்குப் போவார்கள். அந்த எட்டுப் பேர் அடுத்த முறை வர மாட்டார்கள். 9 வயதுப் பிள்ளையையும் 16 வயதுப் பையனையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். பெரியவன் எழுதும் கதையில் காதல் வரும், சின்னது சிரிக்கும், பெரியவன் அதோடு நின்றுவிடுவான்.

நாளை மாற்றவே கூடாது. மழை பெய்தாலும், இரண்டே பேர் வந்தாலும், அந்த நேரத்தில் அந்த மேசையில் நீங்கள் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரே ஒரு பையன் வந்தான். 90 நிமிடமும் அவன் கதையைத்தான் பேசினோம்.

பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அம்மாவுக்காக எழுதும். ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும், கூட இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும், பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடம் இல்லை.

சரி, பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனிமேல்தான் பெரிய சிக்கல். நோட்டைத் திறந்ததும் பாதிப் பேர் முதல் வரியில் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு போடுவார்கள். பள்ளிக்கூடக் கட்டுரை அவர்கள் கையில் அப்படி ஊறியிருக்கிறது. பேசும்போது தாத்தா, மாமா, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாரும் உயிரோடு வருவார்கள். பேனா தாளைத் தொட்டதும் அத்தனை பேரும் காணாமல் போய், 'ஆகும்', 'எனலாம்', 'மிகையாகாது' மட்டும் மிஞ்சும்.

ஒரு பையன் தாத்தாவின் சைக்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்தான். எழுதிக் காட்டியது இது: 'மிதிவண்டி என்பது ஒரு சிறந்த வாகனம் ஆகும். அது சுற்றுச்சூழலுக்கு உகந்தது.'

"இது யார் சைக்கிள்?" என்றேன்.

"தாத்தாவோடது."

"தாத்தா வர்றது வீட்டுக்குள்ள இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்சம் யோசித்தான். "செயின் கவர் ஆடும் அக்கா. டக்கு டக்குன்னு பெடல்ல இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டா அம்மா டிவிய நிறுத்திடுவாங்க."

"டிவிய ஏன் நிறுத்தணும்?"

அவன் பதில் சொல்லவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தான். கட்டுரை போய்விட்டது, தாத்தாவுக்குப் பயப்படும் ஒரு வீடு வந்துவிட்டது. நான் செய்தது மூன்று கேள்வி கேட்டதுதான். கேள்விகள் எப்போதும் காதுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் போக வேண்டும். 'உனக்கு என்ன தோன்றியது?' என்று கேட்டால் மறுபடி கட்டுரைதான் வரும்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். பாத்திரம் பேசும்போது அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். கதை சொல்வதை அவர்களுக்கு எது கைக்கு வருகிறதோ அதில் எழுதட்டும். 'தமிழைக் கெடுக்கிறீர்கள்' என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். பிள்ளைகள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்கச் சொன்னேன். கேட்டார். கோபம் போகவில்லை, ஆனால் அடுத்த முறையும் வந்தார்.

தயங்கும் குழுவுக்கு மடித்தாள் விளையாட்டு நல்ல மருந்து. ஒரு தாளில் முதல் ஆள் இரண்டு வரி எழுதி, கடைசிச் சில சொற்கள் மட்டும் தெரியும்படி மடித்துப் பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். அவர் தெரிகிற சொற்களிலிருந்து தொடர வேண்டும். வட்டம் முடிந்ததும் பிரித்து வாசித்தால் கதை எங்கெங்கோ போயிருக்கும். 1920-களில் பாரிசில், கனவையும் தற்செயலையும் நம்பிய சர்ரியலிசக் கவிஞர்களும் ஓவியர்களும் விளையாடியது இது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "பெரியவங்களா இத விளையாடினாங்க?" என்று கேட்பார்கள். இதில் யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. மோசமான வரி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது சுற்றில் கூச்சம் போய்விடும்.

வாசித்த பிறகு பேசுவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. 'நல்லா இருக்கு' என்று சொல்லக்கூடாது. கேட்டவர் ஒவ்வொருவரும் மனதில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. எழுதியவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. இது எளிதாகத் தோன்றும். தன் வரியைப் பக்கத்து நாற்காலிக்காரன் வாயில் கேட்கும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி ஆகிறது என்று பார்த்தால்தான் இது என்ன வேலை செய்கிறது என்று புரியும்.

முதல் படியில் சிவப்பு மை கூடாது. இதை நான் சொல்வது எனக்கே கொடுமைதான். 'ஞாபகம்' என்பதை 'நியாபகம்' என்று எழுதியிருந்தால் என் கட்டைவிரல் துடிக்கும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். ல, ள, ழ சண்டையும் ஒற்றுப்பிழையும் அச்சுக்குப் போகும் முன்னால் பார்த்துக்கொள்ளலாம். அப்போது பிள்ளைகளே ஒருவருக்கொருவர் மெய்ப்புப் பார்ப்பார்கள். தன் பிழை கண்ணில் படாது, அடுத்தவன் பிழை பளிச்சென்று தெரியும். பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

ஊர்மக்களை உள்ளே கொண்டுவரும் நிகழ்ச்சி ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். எங்களுக்குச் சரிப்பட்டது இரண்டு வகை.

ஒன்று, வாசிப்பு மாலை. 40 நிமிடம். எழுதிய பிள்ளை எழுந்து 3 நிமிடம் வாசித்து உட்கார வேண்டும். மைக் வேண்டாம், மைக் வைத்தால் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக் குரலுக்கு மாறிவிடுவார்கள். நாற்காலியை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். விருந்தினராக எழுத்தாளரை அழைத்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நீங்கள் பேச வரவில்லை, கேட்க வருகிறீர்கள், கடைசியில் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். இதற்குச் சம்மதிக்காதவரை விட்டுவிடலாம். சம்மதிப்பவர்கள் அருமையான ஆட்கள்.

இன்னொன்று, ஆளைப் படிப்பது. 2000-ல் டென்மார்க்கில் 'மனித நூலகம்' என்று தொடங்கினார்கள்: புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை இரவல் எடுத்து, உட்கார்ந்து அவரிடம் பேசலாம். நாங்கள் அதை எங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டோம். ஓய்வுபெற்ற செவிலியர், தையல்காரர், லாரி ஓட்டியவர் என்று நாலைந்து பேரை அழைப்போம். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி கேட்பாள், ஒருத்தி குறிப்பெடுப்பாள். 'உங்கள் சாதனை என்ன?' போன்ற கேள்விகள் தடை. 'உங்க வேலையில எந்தப் பொருள் முதல்ல தேயும்?' என்று கேட்கச் சொல்வேன். தையல்காரர் தன் கத்தரிக்கோலின் கட்டைவிரல் வளையத்தைக் காட்டினார். அதிலிருந்து மூன்று கதைகள் வந்தன. எழுதியதை அச்சில் போடும் முன்னால் அவரிடம் வாசித்துக் காட்டிச் சரி வாங்க வேண்டும். அது அவர் வாழ்க்கை.

போட்டி, பரிசு, கோப்பை எதுவும் நான் வைப்பதில்லை. மூவருக்குப் பரிசு கொடுத்தால் ஒன்பது பேருக்கு 'நீ எழுத்தாளர் இல்லை' என்று சான்றிதழ் கொடுத்த மாதிரி. வேறு கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், நடத்தட்டும்.

பரிசுக்குப் பதிலாக நான் கொடுப்பது புத்தகம். அவர்கள் எழுதிய புத்தகம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதல் புத்தகத்துக்கு ஒரே ஒரு ஏ4 தாள் போதும். மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள். தாளின் நீளம் பாதியாகும்படி குறுக்கே ஒரு மடிப்பு மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் பாதித் தூரம் மட்டும் கத்தரியுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் நடுவை நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து, தாள் கூட்டல் குறி மாதிரி நிற்கும். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்து மடக்கினால் எட்டுப் பக்கப் புத்தகம். பசை, ஊசி எதுவும் இல்லை. முதல் முறை அது திறந்து நிற்கும்போது பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு நூலகரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் தொகுப்புக்கு நாலு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 16 பக்கம். மடித்துத் தைக்கும் புத்தகத்தில் பக்கம் எப்போதும் நாலின் மடங்காகத்தான் வரும். 14 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் இரண்டு பக்கத்துக்குப் படம் வரையச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் எந்தப் பக்கம் வரும் என்று பலரும் குழம்புவார்கள். ஒரு கணக்கு நினைவிருந்தால் போதும்: 16 பக்கப் புத்தகத்தில் தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்கங்களையும் கூட்டினால் 17. வெளித்தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம். மறுமுகத்தில் 2-ம் 15-ம். இப்படியே உள்ளே போனால் நடுத்தாளில் 8-ம் 9-ம். அச்சடிக்கும் முன்னால் வெற்றுத்தாளை மடித்துப் பென்சிலால் எண் போட்டுப் பாருங்கள். 30 வருடம் இந்த வேலையில் இருந்தும் நான் இன்னும் மடித்துத்தான் பார்க்கிறேன்.

தைக்க மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விடுங்கள். நூலின் வாலை உள்ளேயே விட்டுவைக்க வேண்டும். வெளியே மேல்துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். கடைசியாக வெளியிலிருந்து நடுத்துளை வழியே உள்ளே வந்து, உள்ளே நீளமாக ஓடும் நூலை நடுவில் வைத்து, வாலோடு முடிச்சுப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளை இரண்டாவது புத்தகத்திலேயே தேறிவிடும்.

தட்டச்சுக்கு ஒரு எச்சரிக்கை. போனில் பேசி எழுத்தாக மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ண, ன, ர, ற எல்லாம் போனின் இஷ்டத்துக்கு வரும். கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாகப் பாருங்கள். யூனிகோடிலேயே வையுங்கள். பழைய எழுத்துருவில் ஒருமுறை கோப்பு போய், கொம்பும் காலும் இடம் மாறி வந்ததைப் பிரித்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பெயர் போட விரும்பாத பிள்ளைக்குப் புனைபெயர். படம் வேண்டாம். எழுதியதன் உரிமை பிள்ளைக்கே. பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, எழுதிய கணத்திலேயே வந்துவிடும். பெர்ன் உடன்படிக்கை என்ற உலகப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் எல்லாம் இதுதான் நிலை. 'உங்கள் பிள்ளைகளின் கதையைத் தொகுப்பாகப் போடுகிறோம், ஆளுக்கு இவ்வளவு கட்டுங்கள், சான்றிதழும் உண்டு' என்று எங்களிடம் ஒருவர் வந்தார். இரண்டு பெற்றோர் கட்டிவிட்டார்கள். வந்த தொகுப்பில் ஒரு பிள்ளையின் கதையில் முடிவையே காணோம். காசு கேட்டு அச்சில் ஏற்றுவதாகச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புத்தகம் தைத்தாயிற்று. அதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அலமாரியில் படுத்துக்கொள்ளும். ஒரு பிரதி நூலகத்துக்கு. வெறுமனே மேசையில் வைப்பது வேறு, எண் போட்டு அடுக்கில் வைப்பது வேறு. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் தூவி (டியூயி) பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811, கவிதை என்றால் அதோடு ஒரு 1, புனைகதை என்றால் ஒரு 3. முதுகில் அந்த எண்ணை ஒட்டி, பின்னட்டையில் தேதிச்சீட்டும் ஒட்டச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். விதிப்படி பதிவேட்டில் ஏற்ற முடியாது என்றால் தனி அடுக்கும் தனி நோட்டும் போதும். ஆனால் இரவல் போக வேண்டும், அதுதான் முக்கியம். எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்.' இந்த 16 பக்கத்துக்கும் அது பொருந்தாதா என்று கேட்டதும் எங்கள் நூலகர் சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார்.

சைக்கிள் கதை எழுதிய பையன் வாரம் ஒருமுறை வந்து, தன் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து தேதிச்சீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவான். நாலு தேதி விழுந்திருந்தது. அதில் ஒன்று அவன் தாத்தா எடுத்தது என்று நூலகர் என்னிடம் சொன்னார். அவனிடம் சொல்லவில்லை.

தேர்வு மாதங்களில் கூட்டம் மெலியும். நிறுத்தாமல் அரை மணியாகக் குறையுங்கள். வராமல் நின்றுவிட்ட பிள்ளையைத் துரத்த வேண்டாம்; அடுத்த தொகுப்பு வந்ததும் ஒரு பிரதியைக் கூடப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள். வராதவர்கள் படிக்கவாவது செய்வார்கள்.

பெரிய பிள்ளைகள் கைக்குச் சின்னக் குழுவை மெல்ல மாற்றிவிடுங்கள். கிழிந்த நோட்டோடு நின்ற அந்தப் பெண் இப்போது கல்லூரி முடித்துவிட்டு, இரண்டாவது சனிக்கிழமை 9 வயதுக்காரர்களை அவளே பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் நான் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனேன். நடுவில் ஏதோ ஞாபகம் வந்து, ஒரு பிள்ளையின் கதையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குனிந்து என் காதில் சொன்னாள்:

"அக்கா, இன்னும் ஆறு பேர் வாசிக்கணும்."